பன்னிக் காவலுக்குத் துவக்கு இருக்கு, வீட்டில் எத்தனை தோட்டா வைக்கிறது?

கெப்பெட்டிபொல கிழங்குக்காரன்:

அப்பாவுக்கு வயசாகிவிட்டது, கண்ணும் முன்னைப் போல இல்லை. அவர் வைத்திருந்த விவசாயத் துவக்கு இந்த வருஷம் எழுத்துப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. 12 போர் (குழலின் அளவு), இரட்டைக் குழல், இங்கிலாந்தில் செய்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது என்று வீட்டில் சொல்வார்கள், உண்மையோ பொய்யோ. காணி ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பாதிக்கு உருளைக்கிழங்கு, மீதியில் லீக்ஸும் போஞ்சியும். கிழங்கு பருத்துவரும் நேரம் பார்த்து மேலே பைனஸ் காட்டிலிருந்து பன்னி இறங்கினால் ஒரே ராத்திரியில் நாலு பாத்தி போய்விடும், பட்டவர்களுக்குத் தெரியும்.

கேள்வி இதுதான்: வீட்டில் எத்தனை தோட்டா இருந்தால் போதும்? பக்கத்துக் காணிக்காரர் "கிடைக்கும்போது நூறாவது வாங்கிப் போடு தம்பி, பிறகு தேடினாலும் கிடைக்காது" என்கிறார். அப்பா காலத்துத் தோட்டா கொஞ்சம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கிறது. அடிப்பக்கத்துப் பித்தளை பச்சையாகப் பூத்திருக்கிறது, சிலதில் கடதாசி உறை உப்பிப்போய் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்க்கலாமா?

ராகலைப் பொடியன்:

நூறு என்ன, கொடுத்தால் இருநூறு வாங்குங்க அண்ணே. 2022-இல் உரத்துக்கும் டீசலுக்கும் நாங்க பட்ட பாடு மறந்துபோச்சா? கையில் வைத்திருந்தவன் தப்பினான், அவ்வளவுதான். தோட்டா என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?

பழைய கிளாக்கர்:

தம்பி, பொடியன் சொல்வதைக் கேட்டு இப்போதே பஸ் ஏறாதீங்க. முதலில் அனுமதிப்பத்திரத்தைக் கையில் எடுத்துப் படிங்க, அப்புறம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், துவக்கு வேலை பார்க்கிற மேசையில் போய் எத்தனை வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்று கேளுங்க. அவர்கள் சொல்வதுதான் உச்சம், நாங்கள் இங்கே எதைச் சொன்னாலும் அது அதற்குக் கீழேதான். 1916-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது என்றாலும் இன்றைக்கும் அதுதான் அடிப்படை. பத்திரம் டிசம்பர் 31-உடன் முடிகிறது, புதுப்பிக்காமல் ஜனவரியில் அதே துவக்கையும் தோட்டாவையும் வீட்டில் வைத்திருந்தால் நீங்களும் கள்ளத் துவக்கு வைத்திருப்பவர்தான். ஒக்டோபரிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்க.

இனி கணக்குக்கு வருவோம். கிழங்கு நட்டு மூன்றரை, நாலு மாதத்தில் கிளறிவிடுகிறோம். பன்னி தேடிவருவது கிழங்கு வைத்த பிறகுதான், அதாவது கடைசி ஒன்றரை மாதம். அப்போதும் தினமும் வராது. வருகிற அன்றைக்கு ஒரு வெடி, மிஞ்சினால் இரண்டு, அதோடு கூட்டம் அடுத்த மலைக்கு ஏறிவிடும். இரட்டைக் குழலைத் திறந்து மூன்றாவதைப் போடுகிற நேரத்துக்குள் இருட்டில் சுடுவதற்கு ஒன்றுமே நிற்காது. டோர்ச் லைட்டும் நாயும் தகரமும் சரியாக இருந்தால் அந்த முதல் வெடியும் வேண்டியிருக்காது. வருஷத்துக்கு இரண்டு போகம் என்று வைத்துப் பார்த்தாலும் 25 உள்ள ஒரு பெட்டி முடிவது கஷ்டம். பெட்டி பாதியாகும்போது அடுத்ததுக்கு எழுதிப்போட்டால் கையில் இல்லாமல் போகாது. சுட்டதைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வைங்க, வெறுங்கோதையும் எறியாதீங்க. பொலிஸ் வந்து கேட்டால் வாயால் கணக்குச் சொல்வதைவிட கொப்பியைக் காட்டுவது சுலபம்.

ராகலைப் பொடியன்:

பாதியாகும்போது எழுதிப்போட்டால் வந்துடுமா? 2025 மார்ச் 15 காலையில் 8 மணிக்கு 5 நிமிஷம் காணியில் நின்று குரங்கு, மயில், மர அணில் எண்ணச் சொன்ன நாடு இது. எண்ணினோம், எழுதிக் கொடுத்தோம், குரங்கு இன்னும் கூரை மேலேதான் இருக்கு. நமக்கு வேண்டியதை நாமதான் பார்த்துக்கணும் கிளாக்கர் ஐயா.

பழைய கிளாக்கர்:

குரங்கு விஷயத்தில் நீ சொல்வது சரி. ஆனால் நிறையச் சேர்த்து வைத்தவன் பாடும் ஒன்றும் லேசில்லை. 2024 நவம்பரில் சொந்தப் பாதுகாப்புக்கென்று துவக்கு வாங்கியவர்கள் எல்லாரையும், துவக்கையும் தோட்டாவையும் வெலிசறை கடற்படை முகாமுக்குக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கா? விவசாயத் துவக்கு வேறு வகை, சரி. ஆனாலும் நாளைக்கு ஒரு உத்தரவு வந்தால் 25-ஐ எண்ணிக் கொடுப்பது ஒரு வேலை, 200-க்கு விளக்கம் சொல்வது இன்னொரு வேலை.

கந்தப்பளை அக்கா:

எண்ணிக்கையைப் பற்றியே பேசுறீங்க, அது எந்த வீட்டுக்குள் இருக்கப்போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் துவக்கு இருக்கு, பிள்ளைகளும் இருக்கு. துவக்கு ஒரு அலுமாரியில், தோட்டா வேறொரு இரும்புப் பெட்டியில், இரண்டு சாவியும் ஒரே கொத்தில் கிடையாது. பன்னி வந்தால் எழும்பிப் பெட்டியைத் திறந்து இரண்டை எடுக்க ஒரு நிமிஷம் ஆகும், அந்த ஒரு நிமிஷத்தில் பன்னி இன்னும் இரண்டு செடி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். தோட்டா போட்ட துவக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்திவைக்கிற வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கு, அதை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

அடுப்படியில் வைக்காதீங்க, தயவுசெய்து. ஈரம் காயட்டும் என்று விறகடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள். வீடு தீப்பிடித்தால் பெட்டியில் கிடக்கிற தோட்டா வெடித்து உறையும் பித்தளையும்தான் சிதறும், குழலுக்குள் இருந்து வருகிற வேகத்தில் ஈயம் பறக்காது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். அது சரிதான், ஆனால் சிதறுகிற பித்தளைத் துண்டு கண்ணில் பட்டால் போதுமே. குழலில் போட்டபடி துவக்கு தீயில் மாட்டினால் அது சுட்டது போலவே பாயும்.

அப்புறம் ஊர்க்காரர்கள். நூறு தோட்டா உள்ள வீடு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் "நாலு தாங்க, மாசக் கடைசியில் திருப்பித் தாறேன்" என்று வாசலில் நிற்பார்கள். பத்திரம் இல்லாதவருக்கு ஒன்று கொடுத்தாலும் குற்றம். அதைப் பிரித்து வெடிமருந்தெடுத்து, பன்னி கடித்தால் வெடிக்கிற பன்னி வெடி செய்யவோ, கம்பியில் கால் பட்டால் தானாகச் சுடுகிற கட்டுத்துவக்கு கட்டவோதான் சிலர் கேட்கிறார்கள், நாளைக்கு அந்த வழியில் கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணுடைய காலுக்கு யார் பொறுப்பு? பன்னிக்கென்று வைக்கிறது பன்னிக்கு மட்டும் படுவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், கம்பித் தடத்தில் மாட்டிய கருஞ்சிறுத்தையை உயிரோடு மீட்டும் சில நாளில் செத்துப்போனதே. கம்பியும் கட்டுத்துவக்கும் ஆள் பார்க்காது.

பதுளை பட்டறை:

தம்பி, எத்தனை என்பதைவிட எது என்பதைப் பாருங்க. அந்தக் காலத்து இங்கிலாந்துத் துவக்குகள் நிறையவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர்தான். இப்போது வருவது பெரும்பாலும் 70. ஆபத்து என்னவென்றால் 70 தோட்டாவும் அந்த அறைக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்த நீளம், சுடாத தோட்டா மடிப்போடு அதைவிடக் குட்டையாகத்தான் இருக்கும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும், வயதான குழல் அதைத் தாங்கும் என்று நான் எழுதித் தரமாட்டேன். குழலின் அடியில் முத்திரையோடு நீளம் குத்தியிருக்கும், அங்குலத்தில் 2½ என்று இருந்தால் 65. நூறு வாங்கிவிட்டுப் பிறகு அதைப் பார்த்தால் நூறும் வீண்.

அடுத்தது குண்டு. 4-ஆம் நம்பர் சின்னக் குண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். அதால் பன்னி சாகாது, காயத்தோடு காட்டுக்குள் போய்ப் பிறகு யாரையாவது முட்டும். எஸ்.ஜி. என்றால் பெரிய குண்டு, ஒரு தோட்டாவில் வழக்கமாக 9. அது எதிலும் படாமல் போனால் பல நூறு மீட்டர் போகும். நம்முடையது சரிவு நிலம், கீழே லயமோ றோட்டோ இருக்கும், மேலேயிருந்து கீழ்நோக்கிக் குறிவைத்தால் பன்னிக்குப் பின்னால் மண் இருக்கிறதா, ஆள் வீடு இருக்கிறதா என்று தெரிந்திருக்கணும். இருட்டில் தெரியாவிட்டால் சுடாதீங்க. மரையும் சிறுத்தையும் அதே வழியில்தான் வரும், இரண்டும் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை.

பொடியனுக்கு ஒரு பதில்: குளிர்ந்து உலர்ந்த இடத்தில் தோட்டா பல வருஷம் நிற்கும், ஆனால் அந்த மாதிரி இடம் நம் மலையில் எங்கே இருக்கு? மாதக்கணக்கில் பனியும் தூறலும், அலுமாரியில் தொங்குகிற கோட்டுக்கே பூஞ்சணம் பிடிக்கிறது. இப்போது வருகிற தோட்டாவின் அடிப்பக்கம் பலதில் பித்தளை பூசிய இரும்பு, பூச்சுப் போனால் துரு. இறப்பர் வளையம் உள்ள இறுக்கமான பெட்டியில், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா பைகளைக் காயவைத்துப் போட்டு, வெயில் உள்ள நாளாகப் பார்த்து மூடுங்க. மழை நாளில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகும். ஒரு பெட்டிக்கு இதைச் செய்யலாம், எட்டுப் பெட்டிக்கு யார் செய்வது?

பிஸ்கட் டின்னில் உள்ளதைச் சுடவே வேண்டாம். உப்பிய கடதாசித் தோட்டா பாதி வழியில் இறுகி நிற்கும், அடித்துத் தள்ளத் தோன்றும், அடிக்காதீங்க. நல்ல தோட்டாவே ஒருநாள் விசையை இழுத்தும் வெடிக்காமல் போனால் குழலை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி அரை நிமிஷம் நின்றுவிட்டுத் திறங்க. வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தால் அடுத்ததைப் போடுவதற்கு முன் குழலுக்குள் பாருங்க, ஏதாவது அடைத்து நின்றால் அடுத்த வெடியில் குழல் கிழியும்.

கெப்பெட்டிபொல கிழங்குக்காரன்:

குழலைக் கழற்றிப் பார்த்தேன், 2½ என்றுதான் குத்தியிருக்கிறது. நல்லவேளை, இன்னும் வாங்கவில்லை. கச்சேரியில் கேட்டு 65-இல் எஸ்.ஜி. ஒரே ஒரு பெட்டி வாங்கப் பார்க்கிறேன். ராகலைத் தம்பி கோவிக்காதீங்க.

இன்னும் இரண்டு கேள்வி. பழைய தோட்டாவை என்ன செய்வது, குழிதோண்டிப் புதைக்கலாமா? அப்புறம், 2025 நவம்பரில் டித்வா புயல் நேரம் எங்கள் மேட்டில் இருந்தவர்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். அப்படி ஒரு நிலைமை வந்தால் துவக்கையும் தோட்டாவையும் என்ன செய்வது? முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனசு வராது.

ராகலைப் பொடியன்:

கோபமெல்லாம் இல்லை அண்ணே. அறை நீளம் எனக்கும் தெரியாது, எங்க தாத்தா துவக்கையும் நாளைக்குப் பார்க்கணும்.

பழைய கிளாக்கர்:

புதைக்காதீங்க, ஓயாவிலும் போடாதீங்க. மழையில் மண் அரித்தால் அது பிள்ளைகள் கையில்தான் வந்து சேரும். முதலில் பொலிஸுக்கு ஆள் போய் விஷயத்தைச் சொல்லுங்க, எப்படிக் கொண்டுவரச் சொல்கிறார்களோ அப்படியே கொண்டுபோங்க. எண்ணிக்கையை எழுதி ஒப்படைத்து, பொறுப்பெடுத்ததற்கு ஒரு துண்டு வாங்குங்க. சும்மா வைத்துவிட்டு வராதீங்க.

மண்சரிவு விஷயத்துக்கும் வழி அதேதான். சிவப்பு எச்சரிக்கை வரும்வரைக்கும் காத்திருக்காமல், மஞ்சள் விழுந்து மழை விடாமல் பெய்தால் அன்றைக்குப் பகலிலேயே பொலிஸுக்குப் பேசி, துவக்கையும் தோட்டாவையும் தனித்தனியாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்க. ஒரு பெட்டி என்றால் அதையும் துவக்கையும் ஒரே நடையில் தூக்கலாம். நேரமில்லாமல் மண் இறங்கத் தொடங்கிவிட்டால் இரண்டையும் பூட்டியபடி விட்டுவிட்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடுங்க, பிறகு முதல் வேலையாகப் பொலிஸில் சொல்லி முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்க. பத்திரத்தை மட்டும் அடையாள அட்டையோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டு எப்போதும் கைக்கெட்டுகிற இடத்தில் வைங்க, அது போனால் மறுபடி எடுக்க அலைய வேண்டியிருக்கும்.