அமெரிக்க பேட்டன்ட்: அப்பீலை வாபஸ் வாங்க ஒரு கடிதம் போதுமா?

பீளமேடு_பம்ப்:
வணக்கமுங்க. சப்மெர்சிபிள் பம்ப் இம்பெல்லருக்குக் கம்பெனி பேர்ல அமெரிக்காவுல போட்ட அப்ளிகேஷன். ஃபைனல் ரிஜெக்‌ஷன் வந்து ஆறு மாசம் தாண்டிருச்சு. அப்பீல் பிரீஃப் (எழுத்து வாதம்) போட்டு, எக்ஸாமினர் (பேட்டன்ட் ஆபீஸ் பரிசோதகர்) பதிலும் போன வாரம் வந்துருச்சு. கிளெய்ம் (எதுக்கு உரிமை கேக்கறோம்னு சொல்லற வரி) 1–6 நிராகரிப்பு. 7-ஐத் தனியா எழுதினா தரலாம்னு குறிச்சிருக்கறாங்க. முதலாளி 7 போதும்ங்கறாரு. வாபஸ் கடிதம் போட்டாப் போதுங்களா? அப்பீல் ஃபீஸ் திரும்பி வருமுங்களா?

நொய்யல்கரை:
கடிதத்தை மட்டும் போட்டறாதீங்க. ஃபைனல் ரிஜெக்‌ஷனுக்குப் பதில் சொல்லற கெடு முடிஞ்சு போச்சு. இப்ப அப்ளிகேஷனை உசுரோட வச்சிருக்கறதே அந்த அப்பீல்தான். அனுமதிச்ச கிளெய்ம் ஒண்ணுகூட இல்லாம வாபஸ் வாங்கினா, அன்னைக்கே அப்ளிகேஷன் கைவிட்டதாயிரும். 7 இருக்குதேன்னு நினைக்கலாம். நிராகரிச்ச கிளெய்மைச் சார்ந்து நிக்கறவரைக்கும் அதையும் நிராகரிச்சதாத்தான் எடுத்துக்குவாங்க.

முதல்ல திருத்த மனு போடுங்க: 1–6 நீக்கம், 7 தனிக் கிளெய்ம். பிரீஃபுக்குப் பின்னால அமெரிக்க பேட்டன்ட் விதி 41.33 விடற திருத்தம் இந்த ரெண்டு வகைதான். 7 நாலைச் சார்ந்து, நாலு ஒண்ணைச் சார்ந்து இருந்தா, ஒண்ணு, நாலு ரெண்டுலயும் இருக்கற எல்லா அம்சமும் 7-க்குள்ள வரணும். நிறையப் பேரு நடுவுல இருக்கற நாலை விட்டுடறாங்க, இல்லைன்னா "கூடவே இதையும்"னு புதுசா ஒரு வரி சேர்க்கறாங்க. வரம்பு மாறுச்சுன்னா திருத்தம் ஏறாது.

ஏத்துக்கிட்டோம்னு எழுத்துல வாங்கிட்டு அப்புறம் வாபஸ் பத்திப் பேசுங்க. அதுக்குள்ள இன்னொரு கெடுவும் ஓடும். எக்ஸாமினர் பதில் தேதியிலிருந்து ரெண்டு மாசத்துல ஃபார்வர்டிங் ஃபீஸ் (அப்பீலை பேட்டன்ட் போர்டுக்கு அனுப்பற கட்டணம்) கட்டலைன்னா அப்பீல் தானா தள்ளுபடி. பணம் கட்டிக் கெடுவை நீட்டற வசதி இதுக்கு இல்லைங்க. எக்ஸாமினர்கிட்ட உங்க வக்கீலை ஃபோன்ல பேசச் சொல்லுங்க.

ஃபீஸ் திரும்பாது. மனசு மாறி வாபஸ் வாங்கினா ரீஃபண்ட் கிடையாதுன்னு விதி 1.26 அப்பீலையே பேர் சொல்லிச் சொல்லுது.

பெருந்துறை_ஏஜென்ட்:
அப்ளிகன்ட் கம்பெனிங்கறதால முதலாளி கையெழுத்து செல்லாதுங்க. அங்க பதிவு பெற்ற பேட்டன்ட் வக்கீலோ ஏஜென்டோதான் போடணும்.

1–6-ஐ வார்த்தை மாத்திப் பார்க்கலாம்னு ஆசை இருந்தா ஆர்.சி.இ. (விசாரணையைத் தொடரச் சொல்லிக் கேக்கற மனு) ஒரு வழி. அதைப் போட்டாலே அப்பீல் வாபஸ் ஆனதுதான், தனிக் கடிதம் வேண்டாம். வினையும் அங்கதான். ஃபீஸையோ திருத்தத்தையோ மறந்துட்டுப் படிவத்தை மட்டும் போட்டாலும் அப்பீல் போயிரும், அப்ளிகேஷனும் கூடவே போயிரும். பழைய பிரீஃபை அப்படியே இணைக்கறதும் செல்லாது. அதைத் திருத்தமா எண்ண மாட்டாங்க.

பீளமேடு_பம்ப்:
1–6-ஐயும் முழுசா விட மனசில்லைங்க. ஆர்.சி.இ. போடட்டுங்களா?

நொய்யல்கரை:
வேண்டாமுங்க. 7 கையில இருக்கறப்ப அதை எதுக்கு மறுபடி விசாரணைக்கு இழுக்கணும்? 7-க்கு அனுமதி வாங்கிட்டு, பேட்டன்ட் வெளியாகறதுக்கு முன்னால 1–6-க்குத் தொடர்ச்சி அப்ளிகேஷன் (அதே விவரத்தை வச்சுப் போடற புது அப்ளிகேஷன்) போடுங்க. வெளியான பிறகு போட்டா முதல் அப்ளிகேஷனோட தேதி கிடைக்காது. தேதிக் கணக்கு அமெரிக்கக் கிழக்கு நேரப்படி. நமக்கு அவங்க கோடையில ஒன்பதரை மணி, குளிர்காலத்துல பத்தரை மணி பின்னால.

பெருந்துறை_ஏஜென்ட்:
இதே யோசனையை நம்மூர் கேஸுக்குக் கொண்டு வராதீங்க. இங்க பேட்டன்ட் சட்டப் பிரிவு 117ஏ அப்பீல், 2021-ல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைஞ்ச பிறகு, நேரா உயர் நீதிமன்றத்துக்கு. அதை வாபஸ் வாங்கினா கன்ட்ரோலரோட (நம்ம பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரி) மறுப்பு உத்தரவு அப்படியே நிக்கும். மறுபடி போட நினைச்சா, மூணு மாசக் கெடு அந்த உத்தரவு தேதியிலிருந்தே ஓடி முடிஞ்சிருக்கும்.