கடலோர நிலத்துக்குப் புது விதி: ஆட்சேபக் கடிதம் எழுதிய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

வணக்கம். நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலக் கடலோரம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய டவுன். அப்பா தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது வந்த இபிஎஃப் (சேமநிதி) காசில் வாங்கிய ரெண்டு ஏக்கர், விவசாய கிராண்ட் (நிலப் பட்டா), கடல் தண்ணீரைத் தடுக்கும் பண்டுக்கு (மண் கரைக்கு) உள்பக்கம் இருக்கிறது. தம்பி அதில் வீடு கட்டலாம் என்று இருந்த நேரத்தில் எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் புது உள்ளூர்த் திட்ட வரைவு வந்து, எங்கள் இடத்தைக் கரையோரப் பாதுகாப்புப் பகுதி என்று பச்சை அடித்துவிட்டார்கள். நோட்டீஸ் போஸ்ட் ஆபீஸ் பலகையில் இருந்தது, பாதி எழுத்து மழையில் கரைந்து, அதன் மேலேயே டியூஷன் விளம்பரம்!

விதியே தப்பு என்று சொல்ல வரவில்லை. சேற்றுக் கரை என்றால் கண்டல் மரச் சதுப்புக் காட்டின் கடல் விளிம்பிலிருந்து 400 மீட்டர், மணல் கரைக்கு 60 மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் துறையின் பழைய வழிகாட்டி. ஆனால் கண்டல் மரங்கள் வருஷா வருஷம் அரித்துப் போகிற இடத்தில் எந்த விளிம்பிலிருந்து அளந்தார்கள்? அதைத்தான் கவுண்டரில் கேட்டேன், பதில் இல்லை.

1976 நகர், கிராமத் திட்டச் சட்டம் (சட்டம் 172) ஆட்சேபத்துக்குக் குறைந்தது நாலு வாரம் தருகிறது, கேட்டால் நேரிலும் பேசலாம். எங்களுக்குப் பதினொரு நாள்தான் பாக்கி.

அண்ணன்மாரே, அக்காமாரே, மலாயில் எழுதிய மாதிரிக் கடிதம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். லைசென்ஸ் சர்வேயர் பிளான் கட்டாயம் வேண்டுமா, அக்கம்பக்கத்து ஆறு குடும்பமும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா, தனித்தனியா?