8 இஞ்ச் டிரைவர் (பெட்டில மாட்டுக ஸ்பீக்கர்) எது எடுக்க? பெட்டி ரெடியா இருக்கு

தக்கலைக்காரன்:
அண்ணன்மாரே ஒரு டவுட்டு. அப்பா பண்டு ஆஞ்சிலிப் பலகைல செஞ்ச ஸ்பீக்கர் பெட்டி மச்சுல கெடந்துச்சு, உள்ளளவு 18க்கு 10க்கு 10 இஞ்ச். நாகர்கோவில்ல கேட்டா 300 வாட்ஸ் பிஏ டிரைவர் (மைக்செட்டுக்குள்ளது) எடுங்க, கோயில் கொடைத் திருவிழாவுக்கே போதும்ங்காவ. எனக்கு கொடையா நடத்தணும், ராத்திரி பழைய பாட்டு கேக்கணும் அவ்வளவுதான். இன்னொண்ணு ரப்பர் எட்ஜ் வூஃபர் (கோன் ஓரத்துல ரப்பர் வச்ச பேஸ் டிரைவர்), 60 வாட்ஸ்தான், ஆனா வெல கூட. ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) 50 வாட்ஸ், 8 ஓம்.

பழையரேடியோ:
வாட்ஸ பாத்து வாங்காதீங்க மக்கா. காயில் எவ்வளவு சூடு தாங்கும்னுதான் அது சொல்லுகு. சத்தத்துக்கு சென்சிடிவிட்டி (ஒரு வாட்ஸ்ல எவ்வளவு சத்தம் வரும்ங்குறது) பாக்கணும், அது 3 டெசிபல் கூடினா பாதி வாட்ஸ்லயே அதே சத்தம் வரும். பிஏ டிரைவர் அதுல கில்லாடிதான், ஆனா அடிபேஸ் எறங்காது. எஃப்எஸ் (டிரைவர் தானா அதிருக ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும்ங்குற எண்), விஏஎஸ் (கோன் தொங்கலோட இழுவைக்குச் சமமான காத்து, லிட்டர்ல) மூணும் கேளுங்க, பெட்டி அளவு இத வச்சுதான்.

தக்கலைக்காரன்:
ரப்பர் எட்ஜுக்கு 38 ஹெர்ட்ஸ், 0.4, 30 லிட்டர்னு போட்டிருக்கு. பிஏக்கு இந்த அளவெல்லாம் போட்ட பேப்பரே இல்ல.

பழையரேடியோ:
அப்ப ரப்பர் எட்ஜே எடுங்க. மூடின பெட்டின்னா இதுக்கு 14 லிட்டரே போதும், உங்களுது 29.5 லிட்டர் வருது, அதனால போர்ட் (காத்து போய்வர பைப் ஓட்டை) போடலாம், அடிபேஸ் இன்னும் எறங்கும். டிரைவர், சட்டம் எல்லாம் கழிச்சு 27 லிட்டர்னு வச்சா, உள்விட்டம் 6 செ.மீ. பிவிசி பைப் 17 செ.மீ. நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ்ல ட்யூன் ஆகும். மொதல்ல 20 வெட்டி கேட்டுட்டு அறுத்து அறுத்து வாங்க, அறுத்தத ஒட்ட முடியாதுல்லா.

குளச்சல்காத்து:
ரப்பருக்குப் பதிலா ஃபோம் எட்ஜ் வச்சது மட்டும் வேண்டாம் கேட்டியளா, எங்க வீடு கடலுக்குப் பக்கம், எனக்குள்ளது நாலே வருசத்துல வெரல் வச்சா பிசுபிசுன்னு ஒட்டி பிஞ்சு வருது, டெர்மினல்ல பச்சையா களிம்பு வேற. கடைல வச்சே கோன ரெண்டு பக்கமும் சமமா மெதுவா அமுக்கிப் பாருங்க, உரசுக சத்தம் கேட்டா திருப்பிக் குடுத்துருங்க. மல்டிமீட்டர்ல 8 ஓம் டிரைவர் 6 சொச்சம் காட்டும், பயப்படாண்டாம். 3 சொச்சம் காட்டினா அது 4 ஓம், உங்க ஆம்ப் கொதிச்சிரும்.

தக்கலைக்காரன்:
வாங்கிட்டு வந்தாச்சு, உரசல, மீட்டர்ல 6.2. ஆனா அப்பா ஓட்டைய சரியா 8 இஞ்ச் வெட்டி வச்சிருக்காவ, புது ஃபிரேம் எட்டேகால்தான், திருகு போட பலகையே இல்ல!

பழையரேடியோ:
😂 எல்லாரும் பண்ணுக தப்புதான். 18 எம்எம் பிளைவுட்ல 10 இஞ்ச் வளையம் ஒண்ணு வெட்டி முன்னால பசை போட்டு திருகுங்க, உள் ஓட்டை டிரைவர் பேப்பர்ல போட்ட கட்அவுட் அளவுக்கு. ஓரத்துல காத்து போகாம ஃபோம் டேப் ஒட்ட மறக்காதீங்க.