ஆளில்லாத ஊருக்கு பஸ் – இம்பர், டைன்ஹம் அனுபவங்கள்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள வார்மின்ஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் பழைய சிவப்பு டபுள் டெக்கர்கள் வந்து நிற்கும். போர்டில் 23ஏ, இம்பர் என்று இருக்கும். போய் இறங்கினால் அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. 1943 டிசம்பரிலிருந்தே கிடையாது. பஸ் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து 2009-இல் தொடங்கிய ஏற்பாடு இது. வசூலாவதை நல்ல காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அந்த ஊர்ச் சர்ச்சுக்கும் ஒரு பங்கு போகிறது.

ஊர் சாலிஸ்பரி சமவெளியின் நடுவே, ராணுவத்தின் பயிற்சி நிலத்துக்குள் இருக்கிறது. எந்த டவுனுக்கும் ஏழு மைல் என்று அந்தக் காலத்திலேயே சொலவடை உண்டு. பஸ் மேடேறியதும் இருபுறமும் துருப்பிடித்த டாங்கிகள், வெடிக்காத குண்டுகள் இருக்கலாம், பாதையை விட்டு விலகாதீர்கள் என்ற பலகைகள். டபுள் டெக்கரின் மாடியில் முன் சீட்டில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது விசித்திரமாகத்தான் இருந்தது.

பழைய வீடு என்று பார்க்க அதிகம் இல்லை. மண்சுவரும் கூரையுமாக இருந்தவை எப்போதோ கரைந்துவிட்டன. வடக்கு அயர்லாந்துக்குப் போகும் சிப்பாய்களுக்குப் பயிற்சி கொடுக்க 1970-களில் கட்டிய வெற்று வீட்டுக் கூடுகள்தான் கண்ணில் படுகின்றன. கதவு, ஜன்னல் எதுவும் கிடையாது. சர்ச் மட்டும், செயின்ட் கைல்ஸ், வேலிக்குள் பத்திரமாக நிற்கிறது. உள்ளே சுவரில் 17-ஆம் நூற்றாண்டில் மணி அடிப்பவர்களுக்காக எழுதி வைத்த வரிசைப் பட்டியல் இன்னும் தெரிகிறது. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று யாரோ பொறுப்பாக எழுதியிருக்கிறார்.

பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய அம்மா இந்த ஊர்க்காரராம். 1943 நவம்பர் 1 அன்று எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு 47 நாள் கெடு கொடுத்தார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகளுக்குப் பயிற்சி இடம் வேண்டும் என்றார்கள். சுமார் 150 பேர். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறோம் என்று சிலர் டப்பாவில் அடைத்த உணவை அடுப்படியிலேயே விட்டுப் போனார்களாம். நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே கொல்லராக இருந்த ஆல்பர்ட் நாஷ், பட்டடைக்கல் மேல் கவிழ்ந்து குழந்தை மாதிரி அழுதார் என்பார்கள். வெளியேறிய பின் நோயில் விழுந்தார். ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரப்பட்டு அடக்கமான முதல் ஆள் அவர்தான்.

எதிர்த்திருக்கலாமே என்று கேட்டேன். பாட்டி சிரித்தார். விவசாயம் நொடித்துப்போயிருந்த 1920-களின் கடைசியிலிருந்தே ராணுவம் அங்கே நிலம் வாங்கிக்கொண்டிருந்தது. விற்றவர்களே குறைந்த வாடகைக்கு அங்கேயே இருந்துகொண்டார்கள், வேண்டும்போது காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1943-இல் கிட்டத்தட்ட எல்லோருமே குடித்தனக்காரர்கள்தான். போர் ஒரு காரணம், சரி. ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதே ஊர் பாதி போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1961-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரண்டு வந்து ஊரைத் திருப்பிக் கேட்டார்கள். விசாரணை நடந்தது, ராணுவத்துக்குச் சாதகமாக முடிந்தது.

— — —

மறுமொழி: நல்ல பகிர்வு அண்ணா. நான் போனது டைன்ஹம், டார்செட் கடலோரம். அதுவும் அதே 1943, கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் காலி செய்த ஊர். 225 பேர். அங்கே கல் வீடுகள் என்பதால் சுவர்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள், கோட்டு மாட்டும் கொக்கிகளில் பிள்ளைகளின் பெயர்கள். போகும்போது சர்ச் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போனார்களாம். சர்ச்சையும் வீடுகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம், ஊரை அன்பாக நடத்தியதற்கு நன்றி என்று. நன்றியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்! 1948-இல் அரசு கட்டாயமாக நிலத்தை எடுத்துக்கொண்டது. உங்கள் பாட்டி சொன்ன பத்திர விஷயம் இங்கே பொருந்தாது. போருக்காக என்று எடுத்ததை, போர் முடிந்த பிறகு சட்டப்படி சொந்தமாக்கிக்கொண்டார்கள். அதனால் எனக்கு இதன் மேல்தான் கோபம் அதிகம்.

என் மகள் அந்தக் கொக்கிகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, இவர்கள் எந்த ஸ்கூலுக்குப் போனார்கள் அப்புறம் என்று கேட்டாள். அங்கே காவலுக்கு இருந்த பெரியவர், அந்தப் பள்ளியை 1932-இலேயே மூடிவிட்டார்கள் என்றார். பிள்ளைகள் குறைந்துபோனதால்தானாம். அதாவது ராணுவம் வருவதற்குப் பல வருஷம் முன்பே ஊர் சுருங்க ஆரம்பித்திருக்கிறது. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

— — —

மறுமொழி: இம்பர் பஸ்ஸை விட்டால் போக வழியே இல்லையா?

— — —

மறுமொழி: இருக்கிறது தம்பி. ஈஸ்டர், ஆகஸ்ட், கிறிஸ்துமஸ் சமயங்களில் சில நாட்கள் சாலையைத் திறந்துவிடுவார்கள், காரிலேயே போகலாம். செயின்ட் கைல்ஸ் திருநாளையொட்டி செப்டம்பர் வாக்கில் வருஷத்துக்கு ஒருமுறை ஆராதனையும் நடக்கும். தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை கிடையாது, கையில் எடுத்துப் போங்கள். போகிற வழியில் கோர் கிராஸ் பக்கம் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, பார்க்காமல் வராதீர்கள். 1839-இல் டிவைசஸ் சந்தையிலிருந்து வந்துகொண்டிருந்த இம்பர் விவசாயி ஒருவரை நான்கு பேர் மறித்துக் கொள்ளையடித்தார்கள். மனுஷன் விடவில்லை, துரத்தினார். அதில் ஒரு திருடன் ஓடிய களைப்பிலேயே விழுந்து செத்தான். மற்ற மூவரும் நாடு கடத்தப்பட்டார்கள்.