வாய்மொழி வரலாறு சரி, பதிவான பேச்சுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

துறையின் பெயரில் எனக்குச் சண்டை இல்லை. "வாய்மொழி வரலாறு" (oral history) நிலைத்துவிட்டது, இருக்கட்டும். பல்கலைக்கழகத்தின் பழைய ஊழியர்களையும் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களையும் பேசவைத்து ஒலிப்பதிவு செய்கிறோமே, அந்த ஒவ்வொரு பதிவையும் பட்டியலில் என்னவென்று குறிப்பது? அங்கேதான் முட்டுகிறது.

"நேர்காணல்" என்றால் வேலைக்கு ஆள் எடுப்பது போல இருக்கிறது. "வாக்குமூலம்" காவல் நிலைய வாடை. "நினைவுரை" அழகுதான், ஆனால் இறந்தவர் பெயரில் நடக்கும் சொற்பொழிவு என்று எடுத்துக்கொள்வார்கள். பேசியவரோ நல்லபடியாக இருக்கிறார். "வாய்மொழி" என்று சுருக்கினால் தலைமுறை தலைமுறையாக வரும் கதை, பாட்டு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். வரலாற்றாசிரியர் யான் வான்சினா (Jan Vansina) பிரித்துக் காட்டியது இதைத்தான்: பாட்டன் சொல்லிப் பேரனுக்கு வந்தது வேறு, தான் கண்டதைச் சொல்வது வேறு. போதாக்குறைக்குத் தொல்காப்பியச் செய்யுளியலில் வாய்மொழி என்பதற்கு மந்திரம் என்று உரை கண்டிருக்கிறார்கள், பொய்க்காத சொல். நம் ஆட்களின் நினைவோ ஆண்டைத் தாராளமாக மாற்றும்.

மாற்றினால் பதிவு வீண் என்றும் இல்லை. இத்தாலியின் தெர்னி நகரில் 1949இல் ஓர் ஆலைத் தொழிலாளி போலீஸ் கையால் இறந்தார். பிற்பாடு வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெஸ்சாந்த்ரோ போர்த்தெல்லி அந்த ஊர்க்காரர்களைக் கேட்டபோது, பலர் அதை 1953இன் ஆட்குறைப்புக் கலவரத்தில் நடந்ததாகச் சொன்னார்கள். தேதி தப்பு. எந்தக் காயம் அவர்களுக்குப் பெரிது என்பது அந்தத் தப்பில்தான் தெரிகிறது.

என் பரிந்துரை "கேட்டுரை". கேள் என்றால் வினவுவதும்தான், காது கொடுப்பதும்தான். ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவரிடம் பழைய வாசல் எங்கே இருந்தது என்று கேட்டேன். மேசையில் விரலால் கோடு இழுத்து, "இது ரோடு, இங்க வாசல்" என்று தட்டினார். பதிவில் "டொக்" என்ற சத்தம் மட்டும் இருக்கிறது. "ரோட்டுக்குக் கிழக்கேயா?" என்று நான் மறுபடி கேட்டதால்தான் வாசல் பதிவில் ஏறியது. அவர் தனியாகச் செய்த உரையல்ல, இருவர் சேர்ந்து உண்டாக்கியது.

*

ஐயா, வணக்கம்.

கருத்து பிடித்திருக்கிறது, சொல் பிடிக்கவில்லை. கேடு + உரையும் கேட்டுரைதான்! அப்புறம், பிழைதிருத்தி அதைக் "கட்டுரை" ஆக்காமல் விடாது. "உரை" இன்னொரு வம்பு. கணினியில் உரை என்றால் எழுத்து வடிவம். தட்டச்சுப் படி கையில் இருந்தால் ஒலி எதற்கு என்ற நினைப்பை இந்தச் சொல்லே வளர்க்கும். அமெரிக்க வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1948இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில்கூட ஆரம்பத்தில் படியெடுத்ததும் நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். நீங்கள் சொன்ன "டொக்" எல்லாம் போயிருக்கும்.

கொள்கலன் மாதிரி வினைத்தொகையாகக் "கேள்பதிவு" என்று வைத்தால் என்ன? கேட்ட பதிவு, கேட்கிற பதிவு, கேட்கும் பதிவு. நாளைக்கு வந்து கேட்பவருக்கும் இடமிருக்கும்.

*

வணக்கம் அம்மா,

கேடு எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. கேள்பதிவு என்றே வைத்துக்கொள்கிறேன்; அந்த ஆய்வக உதவியாளரின் பதிவுக்கு இன்று காலை அப்படித்தான் எழுதினேன். பட்டியலின் அடுத்த கட்டத்தில் பேசியவரை எப்படிக் குறிப்பது என்று பேனா நின்றுவிட்டது. "தகவலாளி" என்பது புழக்கத்தில் இருக்கிறது. அவரிடம் படித்துக் காட்டினேன். "நான் யாருக்குத் துப்பு கொடுத்தேன்?" என்கிறார். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, யாராவது ஒரு சொல் தாருங்கள்.