மேன்முறையீடு தள்ளுபடியான பின் வேலை அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியுமா?

கேள்வி: பருத்தித்துறையான், ஸ்காபரோ

அனைவருக்கும் வணக்கம். 2023 ஆம் ஆண்டு கனடாவுக்கு வந்து அகதிக் கோரிக்கை வைத்தேன். மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும் முடிந்த பின், எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த அனுமதிப்பத்திரம் கிடைத்தது. அன்று தொட்டு ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்து வருகிறேன். அகதிகள் பாதுகாப்புப் பிரிவு என் கோரிக்கையை நிராகரித்தது. அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவும் சென்ற மாதம் அதையே உறுதிசெய்தது. கடிதம் கிடைத்த ஒன்பதாம் நாள், நீதி மீளாய்வுக்கு (அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றம் பரிசீலிப்பதற்கு) அனுமதி கேட்டு என் சட்டத்தரணி மத்திய நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்துவிட்டார். என் அனுமதிப்பத்திரமோ இன்னும் ஏழு வாரங்களில் காலாவதியாகிறது. இரண்டு இடத்திலும் மறுக்கப்பட்டவர் வேலை செய்வது சட்டவிரோதம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா?

பதில்: மார்க்கம் வாசகி

தம்பி, நான் சட்டத்தரணி அல்ல. குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் எழுதுநராக இருந்தவள். உங்கள் நண்பர்கள் நிராகரிப்பையும் வெளியேற்றத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 206 ஆம் பிரிவு, வேலை செய்யாமல் தம்மைத் தாமே பராமரிக்க முடியாத இரு வகையினருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாம் என்கிறது: கோரிக்கை இன்னும் தீர்மானிக்கப்படாதவர்கள் ஒரு வகை, நிறைவேற்ற முடியாத வெளியேற்ற உத்தரவின் கீழ் இருப்பவர்கள் மற்றொரு வகை. இதுவரை நீங்கள் முதல் வகையில் இருந்தீர்கள். இப்போது இரண்டாவதற்கு மாறியிருக்கிறீர்கள்.

எந்த உத்தரவு என்று நீங்கள் கேட்கக்கூடும். கோரிக்கை விசாரணைக்கு அனுப்பப்பட்ட வேளையில் நிபந்தனையுடன் கூடிய வெளியேற்ற உத்தரவு ஒன்றும் உங்கள் கையில் தரப்பட்டிருக்கும். பெரும்பாலானவர்கள் அதைப் படிக்காமலே கோப்புக்குள் வைத்துவிடுவார்கள். மேன்முறையீட்டுப் பிரிவின் முடிவை எதிர்த்து 15 நாட்களுக்குள் மத்திய நீதிமன்றத்தை நாடினால், அதே ஒழுங்குவிதிகளின் 231 ஆம் பிரிவின்படி அந்த உத்தரவு தானாகவே இடைநிறுத்தப்படுகிறது. அந்த இடைநிறுத்தம் இருக்கும்வரை உத்தரவை நிறைவேற்ற முடியாது என்பதால்தான் நீங்கள் அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பிக்க முடிகிறது.

வேலை அனுமதிப்பத்திரத்தை நீடிக்கக் கேட்கும் ஐஎம்எம் 5710 படிவத்தை இணையவழியில் நிரப்பி, நீதிமன்ற முத்திரையும் கோப்பு எண்ணும் தெரியும் மனுவின் பிரதி, மேன்முறையீட்டு முடிவு, சம்பளச் சீட்டுகள், வீட்டு வாடகைச் சான்று ஆகியவற்றை இணையுங்கள். வேறு வருமானம் இல்லை என்பதை ஒரு கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள், ஏனெனில் அதை நாம் காட்டாவிட்டால் அதிகாரி தானாக ஊகித்துக்கொள்ள மாட்டார்.

பதில்: குளிர்காலப் பறவை

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நான் இருந்தேன். காலாவதித் திகதிக்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், முடிவு வரும்வரை பழைய அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளின்படியே தொடர்ந்து வேலை செய்யலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்த உரிமை இல்லை. எனக்குச் சிக்கல் தந்தது குடிவரவுத் திணைக்களம் அல்ல, வேலையிடம்தான். தற்காலிகமாக இருக்கும் நம்முடைய சமூகக் காப்புறுதி எண் (வேலை செய்யத் தேவையான அரச எண்) 9 இல் தொடங்குவதால் அதற்கும் ஒரு காலாவதித் திகதி உண்டு; அந்தத் திகதி கடந்ததைக் கணினியில் கண்ட மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். விண்ணப்பம் கிடைத்ததை உறுதிப்படுத்தும் கடிதத்தை அச்சிட்டுக் கொடுத்து, ஒழுங்குவிதிகளின் 186 ஆம் பிரிவை எடுத்துக் காட்டிய பிறகே மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே அந்தக் கடிதத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

பதில்: சட்டம் படிப்பவன்

மேலே சொல்லப்பட்டவை சரியானவையே. ஆனால் இதை வாசிக்கும் எல்லோருக்கும் அவை பொருந்தாது என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். தானாகக் கிடைக்கும் இடைநிறுத்தம் மேன்முறையீட்டுப் பிரிவின் முடிவை எதிர்ப்பவர்களுக்கு மட்டுமே உரியது. கோரிக்கைக்கு நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை என்று முதல் நிலையில் தீர்ப்பளிக்கப்பட்டவர்கள் மேன்முறையீட்டுப் பிரிவுக்கே போக முடியாது. அவர்கள் நேரடியாக நீதிமன்றம் போகலாம், ஆனால் வெளியேற்றத்தை நிறுத்தத் தனியாக மனுப் போட்டு நீதிபதியை இணங்கவைக்க வேண்டும். 15 நாட்களைத் தவறவிட்டுக் கால நீடிப்புக் கேட்பவர்களுக்கும், பாரதூரமான குற்றச்செயல் காரணமாக அனுமதிக்கத் தகாதவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர்களுக்கும் இதே நிலைதான். முகவர்கள் சிலர் இந்த வேறுபாட்டைச் சொல்லாமலே பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுவதைக் கண்டிருக்கிறேன்.

பருத்தித்துறையான்

மிக்க நன்றி. அக்கா, புதிய அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகு நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தால், அதில் குறித்த திகதிவரை வேலை செய்யலாம் அல்லவா?

மார்க்கம் வாசகி

முடியாது, தம்பி. பலர் தவறுவது இங்கேதான். ஒழுங்குவிதிகளின் 209 ஆம் பிரிவின்படி, வெளியேற்ற உத்தரவு நிறைவேற்றத்தக்கதாக மாறிய கணமே, எத்தனை மாதங்கள் மீதம் இருந்தாலும் அனுமதிப்பத்திரம் செல்லுபடியற்றதாகிவிடும். மாறாக, நீதிமன்றம் மீளாய்வுக்கு அனுமதி வழங்கினால், 30 நாட்களுக்குக் குறையாமலும் 90 நாட்களுக்கு மேற்படாமலும் விசாரணைக்கு நாள் குறிக்கப்படும். அதுவரை இடைநிறுத்தம் தொடரும். ஆகவே நீதிமன்றத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே தெரிவிக்குமாறு உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லி வையுங்கள். வீடு மாறினால் புதிய முகவரியை அவரிடமும் திணைக்களத்திடமும் எல்லைச் சேவையிடமும் தனித்தனியாகக் கொடுங்கள்.