சுயசான்று அனுமதி: அதிகாரி வராவிட்டால் ரூஃப் போடும் முன் யார் சரிபார்ப்பது?

புதுமனை_மதுரை: 1,200 சதுர அடி மனை. தரைத்தளம், முதல் தளம் சேர்த்து 1,900 சதுர அடி வருது. சுயசான்றில், அதாவது விவரம் சரின்னு நாமே சான்று கொடுத்து, அனுமதி எடுக்கலாம்னு சொல்றாங்க. ஆய்வே கிடையாதுன்னா கம்பி கட்டினதை யார் பார்ப்பாங்க?

சைட்வேலை: மனை 2,500 சதுர அடி, கட்டடம் 3,500 சதுர அடி, உயரம் 7 மீட்டர். இதுக்குள்ள இருந்தா விண்ணப்பிக்கலாம்னுதான் 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம் வந்தது. முன்கூட்டியே இடத்தைப் பார்க்க வர மாட்டாங்க, நிறைவுச் சான்றும் தேவையில்லை. அந்த 7 மீட்டர் வரம்பில் பலருக்கு உதைச்சது உயரம்தான். ரெண்டு தளத்துக்கும் தலா 3.3 மீட்டர் வச்சு, பேஸ்மென்ட்டை முக்கால் மீட்டர் தூக்கினா 7.35 ஆயிடும். தளத்துக்கு 3 மீட்டரே போதும். தப்பான தகவல் கொடுத்தா அனுமதி ரத்தாகும், அதையும் மனசில் வச்சுக்குங்க.

கம்பியைப் பொறுத்தவரை, அதிகாரி வந்தாலும் அதை எண்ணிப் பார்க்கிறது அவர் வேலை இல்லை. வரைபடம் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை, கான்கிரீட் போடுறதுக்கு முந்தின நாளே வரச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்குங்க. லாரி வந்து நின்ன பிறகு யாரும் எதையும் பிரிக்க மாட்டாங்க.

கம்பிக்கணக்கு: அன்னைக்குப் பார்க்க வேண்டியதில் முதல்ல கவர், அதாவது கம்பியை வெளியே மூடியிருக்கிற கான்கிரீட் கனம். ஐஎஸ் 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) படி ஸ்லாபுக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40, ஃபுட்டிங்குக்கு 50. ஜல்லித் துண்டை அண்டக் கொடுத்தா ஆள் மிதிச்சதும் உருண்டுடும், கம்பி சென்ட்ரிங் தகட்டில் படுத்துடும். சில வருஷத்தில் துரு ஏறி, சீலிங் பூச்சோடு பெயர்ந்து விழறது இதனாலதான். அச்சில் வார்த்த கவர் பிளாக்கே வைங்க.

அடுத்தது லேப், அதாவது ரெண்டு கம்பி இணையிற இடத்தில் ஒன்னு மேல ஒன்னு ஏறியிருக்கிற நீளம். இழுவிசைப் பகுதியில் எம்20 தரக் கான்கிரீட், எஃப்இ 500 தரக் கம்பின்னா விட்டத்தைப் போல 57 மடங்கு; 16 எம்எம் கம்பிக்கு 91 செ.மீ. மேஸ்திரி பழக்கத்தில் விடுற ரெண்டடி பத்தாது. பில்லர், பீம் கம்பியைச் சுத்திக் கட்டுற ரிங்கோட கொக்கி 135 டிகிரி உள்ளே மடங்கணும். 90-ல நிறுத்தினா நிலநடுக்கத்தில் பிரியும்.

பால்கனியில் மெயின் கம்பி மேல்பக்கம் வரணும். சட்டி தூக்கிட்டுப் போறவங்க மிதிச்சு அதைக் கீழே இறக்கிடுவாங்க. சேர் கம்பி (நாற்காலி மாதிரி வளைச்ச தாங்கு கம்பி) போட்டுத் தாங்குங்க, கான்கிரீட் கொட்டும்போதும் பக்கத்தில் நின்னு பாருங்க.

புதுமனை_மதுரை: பீமுக்கு ஒரு இன்ச் கவர் போதுமா சார்?

கம்பிக்கணக்கு: வீட்டுக்குள்ள போதும். மழை படுற வெளிப்பக்கம்னா 30 மி.மீ. வைங்க.

சைட்வேலை: கியூபை (கான்கிரீட் பலத்தைச் சோதிக்க வார்க்கிற கட்டி) விட்டுடாதீங்க. கான்கிரீட் 6 முதல் 15 கன மீட்டர் வரைன்னா ரெண்டு மாதிரி, மாதிரிக்கு 3 கியூப், 28 நாள் சோதனை. கொட்டுற வாயில் எடுக்கணும், தனியா நல்லாக் கலக்கின சட்டியிலிருந்து இல்லை. பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட்டுன்னா குறைந்தது 10 நாள் தண்ணி கட்டுங்க. ஓபிசி (சாதா சிமென்ட்) கணக்கில் 4.5 மீட்டருக்கு மேல ஸ்பேன் (தாங்கலுக்குத் தாங்கல் இடைவெளி) இருக்கிற ஸ்லாபுக்கு 14 நாள், 6 மீட்டருக்கு மேல பீமுக்கு 21 நாள் முட்டு நிக்கணும். பிபிசி மெதுவா இறுகும், அதுக்கு இன்னும் சில நாள் கூட்டிக்கணும். சென்ட்ரிங்காரர் வாடகைக் கணக்கு பார்த்து முன்னாடியே பிரிக்க வருவார். தேதியை முதல்லயே பேசி எழுதி வாங்கிடுங்க.